இடக்காலில் இறங்கிய விண்மீன்: வில்லியம் பிளேக்கின் தன்னுருவப் படம்



ஓவியன் தன்னைத் தானே வரைந்துகொள்ளும் வழக்கம் ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது. ஆல்பிரெக்ட் டியூரர் 1484ஆம் ஆண்டில், சிறுவனாக இருந்தபோதே, கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து வெள்ளி முனையால் தாளில் தீட்டினார். ரெம்பிராண்டோ இளமையின் செருக்கிலிருந்து முதுமையின் தளர்ச்சி வரை தம் முகத்தை மீண்டும் மீண்டும் வரைந்தவர். இவர்கள் இருவர்க்கும் கண்ணாடியே ஆசான். கண்ணாடி காட்டியதைக் கை எழுதிற்று.

ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் இவ்வரிசையில் நிற்பவர் அல்லர். அவரும் ஒருமுறை முகத்தை நேர்கொண்டு நோக்கிப் பென்சிலால் வரைந்திருக்கிறார். 1802ஆம் ஆண்டளவில் வரைந்தது எனக் கருதப்படும் அப்படத்தில் அகன்ற விழிகள் பார்ப்பவரை ஊடுருவுகின்றன. ஆயினும் பிளேக் தம்மை உண்மையில் எங்கே வரைந்து வைத்தார் என்று தேடுவோர்க்கு விடை தருவது அம்முகம் அன்று. 'மில்டன்' என்னும் அவரது நெடுங்கவிதை நூலின் நடுவே, 'வில்லியம்' என்று தலைப்பில் பெயர் பொறித்த முழுப்பக்கப் படம் ஒன்று உள்ளது. அதுவே இன்றைய பொருள்.

படத்தை முதலில் காண்போம். ஆடவன் ஒருவன் நிற்கிறான். கைகள் இரண்டும் பக்கங்களில் விரிந்திருக்கின்றன. உடல் பின்னோக்கி வளைந்து, தலை பின்புறம் சாய்ந்து, முகம் வானை நோக்கி மல்லாந்திருக்கிறது. விழப்போகிறவனா, எழப்போகிறவனா என்று துணிய முடியாத நிலை. அவன் இடக்காலை நோக்கி வால்நெருப்புடன் ஒரு விண்மீன் இறங்குகிறது. பின்னே கற்படிகள் மூன்று. மூக்கும் வாயும் இன்னாருடையவை என்று அடையாளம் சொல்லும் வகையில் முகம் எழுதப்படவில்லை. பெயர் மட்டும் இல்லையாயின் இது பிளேக்கின் படம் என்று எவரும் அறியார். முகத்தை மறைத்துப் பெயரைக் காட்டும் தன்னுருவப் படம் அரிதினும் அரிது.

படத்தின் பொருளை அறிய நூலின் கதை தெரிந்திருத்தல் வேண்டும். 'இழந்த சொர்க்கம்' பாடிய ஜான் மில்டன் 1674இல் மறைந்தார். விண்ணுலகு சேர்ந்தும் நூறாண்டுக் காலம் அவர் நிறைவின்றி இருப்பதாகப் பிளேக் கற்பனை செய்கிறார். சட்டத்தின் கடுமையை இறைவன் எனக் கொண்டதும், அன்பின் பக்கத்தை ஒடுக்கியதும் தம் பாடலில் நேர்ந்த பிழைகள் என உணர்ந்து, அவற்றைத் தீர்க்க அவர் மீண்டும் மண்ணுக்கு இறங்கி வருகிறார். விண்ணுச்சியிலிருந்து எரிமீனாய்ச் செங்குத்தாக விழுந்து, பிளேக்கின் இடக்காலில், கணுக்காலை அடுத்த எலும்புப் பகுதியில் புகுகிறார். புகுந்த இடத்திலிருந்து கரிய மேகம் ஒன்று கிளம்பி ஐரோப்பா முழுவதும் பரவுகிறது. பின்னர் இப்பருவுலகம் முழுவதும் அக்காலில் மணியும் பொன்னும் இழைத்த செருப்பாகத் தோன்ற, பிளேக் குனிந்து அதனைக் கட்டிக்கொண்டு முடிவற்ற வழியில் நடக்கத் தொடங்குகிறார்.

புகும் இடம் ஏன் கால்? கவிஞனுக்கு அருள் வரும் வழி நாவென்றும் நெஞ்சென்றும் தலையென்றும் சொல்லுதல் உலக வழக்கு. பிளேக் உடம்பின் மிகத் தாழ்ந்த, மண்ணைத் தொடும் உறுப்பைத் தேர்ந்தார். இதற்கு ஆய்வாளர் பல விளக்கம் தருவர். கால் எலும்புத் தொகுதிக்கு ஆங்கில மருத்துவ நூல்கள் வழங்கும் 'டார்சஸ்' என்ற பெயரே பிளேக் ஆண்ட சொல். அது புனித பவுல் பிறந்த ஊரின் பெயருமாகும். தமஸ்கு நகருக்குச் செல்லும் வழியில் பேரொளி தாக்கி நிலத்தில் விழுந்து மனம் மாறியவர் பவுல். ஒரு சொல்லில் உடம்பும் வரலாறும் ஒருங்கே நின்றன. மற்றொரு விளக்கம் தமிழ் அறிந்தார்க்கு எளிதில் புலப்படும். ஆங்கிலத்தில் காலைக் குறிக்கும் சொல்லே செய்யுளின் சீரையும் குறிக்கும். நம் மொழியிலும் அடி என்பது காலுக்கும் பாட்டின் வரிக்கும் பொதுவன்றோ? மில்டன் பிளேக்கின் அடியில் புகுந்தார் என்றால், யாப்பில் புகுந்தார் என்பதும் அதனுள் அடங்கும். சிலேடையைப் புலவர் விளையாட்டு என்று ஒதுக்கும் திறனாய்வாளர்கள் பிளேக்கிடம் தோற்றுப்போவார்கள்.

இதுவரை சொன்னது பெருங்கவிஞர் ஒருவர் மற்றொரு பெருங்கவிஞருக்கு வாரிசாகும் கதை. இவ்வளவோடு நின்றிருந்தால் 'வில்லியம்' என்ற படம் தற்பெருமைச் சித்திரமாகவே முடிந்திருக்கும். நூலில் சில ஏடுகள் தள்ளி இன்னொரு முழுப்பக்கப் படம் வருகிறது. அதே நிலை, அதே விரிந்த கைகள், அதே விண்மீன். தலைப்பில் உள்ள பெயர் 'ராபர்ட்'. அங்கே விண்மீன் வலக்காலை நோக்கி இறங்குகிறது. முதற்படத்தைக் கண்ணாடியில் பிடித்தாற்போன்ற படம் அது.

ராபர்ட் யார் என்பதை நூல் எங்கும் விளக்குவதில்லை. அவர் பிளேக்கின் தம்பி. நூல் உருவாகத் தொடங்கியபோது இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிளேக் 1757 நவம்பர் 28இல் லண்டன் சோஹோ பகுதியில் காலுறை வணிகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். சிறு வயதிலேயே பெக்கம் என்னும் இடத்தில் மரம் நிறையத் தேவதூதர்களைக் கண்டதாக வீட்டில் வந்து சொன்னவர். 1772இல் ஜேம்ஸ் பஸையர் என்னும் செப்புச் செதுக்கோவியரிடம் ஏழாண்டு மாணாக்கராகச் சேர்ந்தார். 1782இல் கேதரினை மணந்தார். திருமணப் பதிவேட்டில் பெயரெழுதத் தெரியாமல் கேதரின் பெருக்கல் குறி இட்டார். அவருக்கு எழுத்தும் ஓவியமும் கற்பித்தவர் பிளேக்கே. 1784இல் நண்பர் ஜேம்ஸ் பார்க்கருடன் சேர்ந்து பிளேக் படக்கடை வைத்தபோது, தம்பி ராபர்ட் அவ்வீட்டில் தங்கி அண்ணனிடம் தொழில் பயின்றார். மக்கட்பேறு இல்லாத அக்குடும்பத்தில் தம்பியாகவும் மாணவராகவும் மகனாகவும் இருந்தவர் அவர் ஒருவரே.

அவ்வீட்டு நிகழ்ச்சி ஒன்றை 1863இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் அலெக்சாண்டர் கில்கிறிஸ்ட் கூறுகிறார். கேதரினுக்கும் ராபர்ட்டுக்கும் ஒருநாள் வாக்குவாதம் முற்றியது. கேதரின் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டார். பொறுக்க மாட்டாத பிளேக், உடனே மண்டியிட்டு ராபர்ட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் தம் முகத்தில் விழிக்க வேண்டா என்று மனைவிக்கு ஆணையிட்டார். கேதரின் மண்டியிட்டு, தவறு தம்முடையது என்று சொல்ல, பிழை தன் மேலது என்று ராபர்ட் அவரை மறுத்தாராம். பிளேக்கின் பெருமை பேசுவோர் இந்நிகழ்ச்சியை விரைந்து கடந்து செல்வர். மனைவியின் தன்மானத்தை விலையாகக் கேட்கும் அளவுக்குத் தம்பி மேல் பாசம் இருந்தது என்பதை மறைப்பதில் பயன் இல்லை.

1787 பிப்ரவரியில் ராபர்ட் நோயுற்று இறந்தார். கடைசிப் பதினைந்து நாட்கள் பிளேக் இரவும் பகலும் உறங்காமல் அருகிருந்து பணிவிடை செய்தார். உயிர் பிரியும் நேரத்தில் தம்பியின் ஆவி மகிழ்ச்சியால் கைகொட்டியபடி கூரையை ஊடுருவி மேலே சென்றதைத் தாம் கண்டதாகக் கூறினார். அதன்பின் மூன்று நாட்கள் தொடர்ந்து உறங்கினார். கைகொட்டுதல் என்ற குறிப்பு கருதத்தக்கது. இறந்தோரைக் காட்சியில் கண்டோர் பலர் உண்டு. அவர்கள் காண்பன பெரும்பாலும் வெண்ணிற உருவங்கள், கனிந்த புன்னகைகள். விளையாட்டில் வென்ற சிறுவன்போல் கைதட்டிச் செல்லும் ஆவியைக் கண்டவர் பிளேக்தான்.

காட்சி அத்துடன் முடியவில்லை. படத்தையும் பாட்டையும் அச்சகத்தாரின் துணையின்றி ஒரே தகட்டில் அச்சிடுவது எப்படி என்று பிளேக் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஓர் இரவில் ராபர்ட் தோன்றி வழி சொன்னதாக 1828இல் ஜே. டி. ஸ்மித் எழுதினார். வழக்கமான செப்புச் செதுக்கு வேலையில் கோடுகள் தகட்டினுள் பள்ளமாக வெட்டப்படும். மை பள்ளத்தில் நிற்கும். ராபர்ட் காட்டியது இதன் தலைகீழ் முறை. அமிலம் தாக்காத மெழுகுக் கலவையைத் தூரிகையில் தொட்டுத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் எழுதுதல் வேண்டும். பின் அமிலத்தை ஊற்றினால் எழுதிய இடம் ஒழிய மற்ற இடமெல்லாம் அரிக்கப்பட்டு, எழுத்தும் கோடும் மேடாக நிற்கும். மேட்டில் மை தடவித் தாளை அழுத்தி, வண்ணம் தீட்டிக்கொள்ளலாம். மறுநாள் காலை கையிருப்பாய் இருந்த அரைக் கிரவுன் காசை எடுத்துக்கொண்டு கேதரின் கடைக்குச் சென்று, ஒரு ஷில்லிங் பத்துப் பென்ஸுக்கு வேண்டிய பொருள்களை வாங்கி வந்தார் என்பர். அரைக் கிரவுன் என்பது இரண்டரை ஷில்லிங். காட்சியை நம்பிக் கையிருப்பில் முக்கால் பங்களவு செலவிட்ட அவ்வம்மையாரின் துணிவு தனியே பேசப்பட வேண்டியது. புதிய முறையில் பிளேக் செய்து பார்த்த தொடக்கக்காலப் படங்களுள் ஒன்று, ராபர்ட் வரைந்து வைத்திருந்த சித்திரத்தைப் பின்பற்றியது. அச்சத்தோடு நெருங்கி நிற்கும் மாந்தர் கூட்டத்தை அது காட்டும். ராபர்ட் சில பக்கங்களே பயன்படுத்தி விட்டுச்சென்ற குறிப்பேட்டையும் பிளேக் பிற்காலத்தில் தமதாக்கிக்கொண்டார். புகழ்பெற்ற 'புலி' கவிதையின் முன்வரைவு அதில்தான் உள்ளது. 1847இல் கவிஞர் தாந்தே கேப்ரியல் ரொசெட்டி பத்து ஷில்லிங்குக்கு வாங்கிய அந்த ஏடு இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

1800ஆம் ஆண்டு மே மாதத்தில், மகனைப் பறிகொடுத்த வில்லியம் ஹெய்லிக்குப் பிளேக் ஆறுதல் மடல் எழுதினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் தம்பியை இழந்ததையும், அத்தம்பியின் ஆவியோடு நாள்தோறும் மணிதோறும் உரையாடி வருவதையும் அதில் குறிப்பிட்டார். ஆறுதல் சொல்ல வந்தவர் உவமை தேடவில்லை, தத்துவம் பேசவில்லை. அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் ஹெய்லியின் ஆதரவை நாடி, சசெக்ஸ் கடற்கரையில் உள்ள ஃபெல்பம் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். மில்டன் வரலாற்றை எழுதியவர் ஹெய்லி. அவர் தந்த சில்லறை வேலைகள் பிளேக்கை வருத்தின. 1803 ஆகஸ்டில் தோட்டத்தில் புகுந்த படைவீரன் ஒருவனை வெளியே தள்ளியதற்காக அரசுக்கு எதிராகப் பேசினார் என்று வழக்குத் தொடரப்பட்டது. 1804 ஜனவரியில் சிசெஸ்டரில் விடுதலை பெற்றார். 'மில்டன்' நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டு 1804. அச்சாகி முடிந்தது 1811ஆம் ஆண்டளவில். இன்று எஞ்சியிருப்பவை நான்கே பிரதிகள்.

இப்போது இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குக.

இடப்பக்கம் பருப்பொருளையும் வலப்பக்கம் ஆன்மாவையும் குறிக்கும் என்பது பிளேக் ஆய்வில் வேரூன்றிய கருத்து. ஜோசப் விக்ஸ்டீட் 1910இல் யோபு படங்களை ஆராய்ந்தபோது இதனை வலியுறுத்தினார். அதன்படி, உடம்போடு வாழும் வில்லியத்தின் இடக்காலிலும், உடம்பு நீத்த ராபர்ட்டின் வலக்காலிலும் விண்மீன் இறங்குகிறது. பொருத்தமான விளக்கமே. ஆனால் பிளேக்கின் எல்லாப் படங்களுக்கும் இவ்விதியை அளவுகோலாக்கினால் ஓவியம் அகராதியாகிவிடும். இவ்விரு படங்களைப் பொறுத்தவரை தொழிலிலிருந்தே எழும் விளக்கம் ஒன்று உண்டு. செப்புத் தகட்டில் எழுதுவது தாளில் இடம் வலமாக மாறி விழும். ஆகவே தகட்டில் எழுதுவோன் ஒவ்வோர் எழுத்தையும் புறம்திருப்பி எழுதுதல் வேண்டும். தாளில் இடக்காலில் விண்மீன் ஏற்கும் வில்லியம், தகட்டில் வலக்காலில் ஏற்பவனாகவே நின்றிருப்பான். அதாவது, பிளேக் மேசையில் குனிந்து தம் உருவைச் செம்பில் எழுதியபோது அவர் கண்முன் இருந்தது தாளில் காணும் ராபர்ட்டின் நிலை. ராபர்ட்டை எழுதியபோது அவர் கண்டது தாளில் காணும் வில்லியத்தின் நிலை. ஒருவர் மற்றவர்க்கு அச்சு. அந்த அச்சுமுறையைத் தந்தவர் ராபர்ட் என்ற நம்பிக்கையை இதனோடு சேர்த்துப் பார்க்கும்போது, இப்படம் ஏன் முகத்தை வேண்டவில்லை என்பது விளங்கும். முகம் எழுதியிருந்தால் இருவரும் இருவராகிவிடுவர்.

முழுதும் ஒன்றே என்றும் சொல்லிவிட முடியாது. வில்லியத்தின் பின்னே மூன்று படிகள் என்று கண்டோம். ராபர்ட்டின் பின்னே நான்கு. கண்ணாடி இடத்தை வலமாக்குமே தவிர மூன்றை நான்காக்காது. எனவே இது ஓவியர் எண்ணிச் செய்த மாற்றம். பிளேக்கின் கவிதை உலகில் நான்கு என்பது நிறைவின் எண். உயிரோடிருக்கும் அண்ணன் ஏறாத ஒரு படியை இறந்த தம்பி ஏறிவிட்டார். மூத்தவன் இளையவனாகிறான், ஆசான் மாணாக்கனாகிறான். உடன்பிறந்தோரை இழந்தோர் பலர் உள்ளூர உணர்ந்தும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, கற்படிக் கணக்கில் இங்கே சொல்லப்பட்டிருக்கிறது.

பைத்தியம் என்று இதனைத் தள்ளியவர்கள் பிளேக்கின் காலத்திலேயே இருந்தார்கள். 1809இல் தம் அண்ணன் ஜேம்ஸின் கடைமாடியில் பதினாறு படங்களைக் கொண்டு அவர் நடத்திய காட்சியைப் பற்றி 'எக்ஸாமினர்' இதழில் ராபர்ட் ஹண்ட் என்பவர் எழுதிய மதிப்புரை, அவரை அடைத்து வைக்க வேண்டாத அளவுக்கு மட்டுமே தீங்கற்ற பித்தர் என்ற முறையில் இகழ்ந்தது. (அக்காட்சியின் பத்தாவது படம், பகவத்கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்த சார்லஸ் வில்கின்ஸ் அந்தணர்களோடு அமர்ந்திருக்கும் காட்சி என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி. படம் இன்று கிடைக்கவில்லை.) ஆனால் பிளேக் தம் காட்சிகளைப் பற்றித் தெளிவாகவே பேசினார். அழகிய காட்சி ஒன்றை எங்கே கண்டீர்கள் என்று கேட்ட பெண்மணியிடம், இங்கே என்று தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினாராம். பித்தன் தன் காட்சி வெளியே நிற்பதாக நம்புவான். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டத் தெரிந்தவனை அப்பெயரால் அழைத்தல் முறையன்று. தம்பியோடு நாள்தோறும் பேசினேன் என்பதையும் இவ்வாறே கொள்ளலாம். அது ஊனக்கண் கண்டதா என்பது அவருக்குப் பொருட்டாக இருக்கவில்லை. அவ்வுரையாடலால் நிகழ்ந்த வேலையே அவருக்குச் சான்றாயிருந்தது.

அறுபது வயதைக் கடந்த பிறகு, சோதிடத்தில் ஈடுபாடுடைய ஓவியர் ஜான் வார்லியின் வேண்டுகோளுக்கிணங்கப் பிளேக் இரவுகளில் பல ஆவியுருவங்களை வரைந்தார். அவற்றுள் கனவில் பிளேக்குக்கு ஓவியம் கற்பித்தவர் என்று பெயரிட்ட தலை ஒன்று உண்டு. நெற்றியில் கிளைகள்போல் மேடிட்ட கோடுகளும், மூடியது போன்ற சிறுவாயும் கொண்ட அம்முகத்தில் பிளேக்கின் சாயலைக் காண்போர் உளர். அதுவும் ஒருவகைத் தன்னுருவமாகலாம். கனவில் கற்பித்த ஆசானின் முகம் தன் முகமாகவே இருப்பது, தம்பி ஆசானான கதைக்குப் பிந்திய இயல்பான கட்டம். எனினும் வார்லியின் கூடத்தில் வேடிக்கை பார்ப்போர் இருந்தனர். 'வில்லியம்' படத்தை எழுதியபோது உடனிருந்தவர் எவரும் இலர். கனம் அதற்கே மிகுதி.

1826 ஜனவரியில் வில்லியம் அப்காட் என்பவரின் கையொப்ப ஏட்டில் பிளேக் தம் பிறந்த நாளை எழுதி, அதற்குப் பிறகு தாம் பலமுறை இறந்திருப்பதாகவும் சேர்த்து எழுதினார். கிண்டல் என்று சிரித்து விடலாம். 1787 பிப்ரவரியையும் அந்தக் கணக்கில் சேர்த்தாரா என்று கேட்கவும் செய்யலாம்.

1827 ஆகஸ்ட் 12ஆம் நாள் மாலை அவர் இறந்தார். இறுதி நேரத்தில் அருகிருந்த கேதரினைப் பார்த்து, தமக்கு என்றும் தேவதையாக இருந்தவர் அவரே என்று சொல்லி, அவர் உருவை வரைந்தார் என்பர். நாற்பத்தைந்து ஆண்டு உடன் உழைத்து, தகட்டில் மை தடவி, தாளில் வண்ணம் தீட்டியவரின் அந்த உருவப்படம் பின்னர்க் காணாமற்போயிற்று. எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டபோது, பெற்றோரும் ராபர்ட்டும் துயிலும் பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டையே பிளேக் சொன்னார். புதைத்த இடத்திற்கு அடையாளக் கல் நாட்டப்படவில்லை. இடம் துல்லியமாக ஆராயப்பட்டு, அதன்மேல் கல் பதிக்கப்பட்டது 2018 ஆகஸ்ட் 12ஆம் நாளில்தான்.